பிரதமர் கல்வி உதவித்தொகை (முன்னாள் படைவீரர் குடும்பங்கள்)

முன்னாள் படைவீரர், கடலோரக் காவல்படையினரின் பிள்ளைகள் தொழிற்படிப்பு பயில, தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்து வழங்கப்படும் உதவி, 2006–07இல் தொடங்கியது. மாணவிக்கு மாதம் 3,000 ரூபாய், மாணவருக்கு 2,500. தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் தேவை. பகுதிநேரப் படையான பிரதேச இராணுவத்தில் ஓய்வூதியம் பெறுவோரும் அரசு வரையறைப்படி முன்னாள் படைவீரரே; எனவே அவர்களின் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். இது பரவலாகத் தெரிய வேண்டிய செய்தி.

படிப்பில் சேரும் ஆண்டிலேயே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வாய்ப்பு போய்விடும். விண்ணப்பத்தை அந்தந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சரிபார்க்கும். எடுத்துக்காட்டாக, அத்திப்பட்டு எண்ணூரை ஒட்டியிருந்தாலும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. எனவே அங்கு பதிவுசெய்துள்ள குடும்பங்கள் சென்னைக்கு அல்ல, திருவள்ளூர் அலுவலகத்துக்கே செல்ல வேண்டும்.