குவாத்தமாலாவில் பள்ளிக்கல்வியும் இன அடையாளமும்: மாயா, லடினோ இளைஞர்களை முன்வைத்து

குவாத்தமாலாவில் ‘லடினோ’ என்பது பிறப்பால் மட்டும் அமையும் அடையாளமன்று. தாய்மொழியையும் மரபுடையையும் கைவிட்டு ஸ்பானிய மொழிக்கு மாறிய மாயா வழியினரும் அப்பெயருள் அடங்கினர். இம்மாற்றத்தின் முதன்மை வாயில்களுள் ஒன்றாகப் பள்ளி விளங்கியது. லடினோ இளைஞருக்கு வீட்டுமொழியே பள்ளிமொழி. மாயா இளைஞருக்கோ கல்வி ஒருங்கே வாய்ப்பாகவும் இழப்பாகவும் அமைந்தது.

1985ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பழங்குடியினர் மிகுந்து வாழும் பகுதிகளில் இருமொழிக் கல்விக்கு முன்னுரிமை அளித்தது. உள்நாட்டுப் போரின் (1960–1996) இறுதிக்கட்டத்தில், 1995இல் கையெழுத்தான பழங்குடி மக்களின் அடையாளம், உரிமைகள் குறித்த ஒப்பந்தம் இக்கொள்கையை விரிவாக்கியது. ஆயினும், அவ்வுரிமைகளை அரசியலமைப்பில் சேர்க்கும் திருத்தங்கள் 1999ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில் தோல்வியுற்றன. 2003இல் இயற்றப்பட்ட தேசிய மொழிகள் சட்டம் மாயா மொழிகளுக்குச் சட்டநிலை ஏற்பு வழங்கியது.

நடைமுறையில் இருமொழிக் கல்வி பெரிதும் தொடக்க வகுப்புகளோடு நின்றது; இடைநிலைக் கல்வியும் உயர்கல்வியும் பெரும்பாலும் ஸ்பானிய மொழியிலேயே தொடர்ந்தன. எனவே மொழியா, முன்னேற்றமா என்னும் பழைய நெருக்கடி நீங்கவில்லை. குழந்தைப் பருவத்திலிருந்து இளமைப் பருவத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டது. இருமொழிக் கொள்கையின் வெற்றியை அது தொடங்கும் வகுப்பைக் கொண்டன்று, முடியும் வகுப்பைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.