வைட்டமின் பி12 தரும் பாக்டீரியாக்களின் ரக மேம்பாடு

வைட்டமின் பி12 எனப்படும் கோபாலமினைத் தாவரமோ விலங்கோ உருவாக்குவதில்லை. பாக்டீரியா, ஆர்க்கியா ஆகியவற்றில் சில இனங்களுக்கு மட்டுமே அந்தத் திறன் உண்டு. இறைச்சியிலும் பாலிலும் இருப்பதுகூட நுண்ணுயிரிகள் வழியே வந்து சேர்ந்ததுதான். 1948இல் இது படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. டோரதி ஹாட்ஜ்கின் 1956இல் இதன் அமைப்பை எக்ஸ்-கதிரால் முழுமையாகக் கண்டறிந்தார். வுட்வர்டும் எஷன்மோசரும் 1972இல் வேதியியல் முறையில் தொகுத்தபோது ஏறத்தாழ 70 படிகள் தேவைப்பட்டன. அந்த வழியில் ஆலை நடத்த முடியாது. அதனால் மாத்திரைக்கான பி12 அனைத்தும் நொதிகலனிலிருந்தே வருகிறது.

இயற்கையான பாக்டீரியா தன் தேவைக்கு மேல் பி12 செய்வதில்லை. போதிய அளவு சேர்ந்ததும் அதற்கான மரபணுக்களின் செயல்பாட்டை அடக்கிவிடும். இந்தத் தடையைத் தளர்த்துவதே ரக மேம்பாட்டின் முதன்மைப் பணி.

தொடக்கத்தில் மரபணுக்கள் எவையென்றே தெரியாது. அதனால் அவற்றில் தற்செயல் மாற்றங்கள் உண்டாக, பி12 தரும் சூடோமோனாஸ் டீநைட்ரிபிகன்ஸ் பாக்டீரியாவின் செல்களைப் புற ஊதாக் கதிருக்கோ நைட்ரோசோகுவானிடின் என்ற வேதிப்பொருளுக்கோ உட்படுத்துவார்கள். பெரும்பாலானவை மடியும். தப்பியவற்றைத் தட்டுகளில் வளர்த்து, ஒவ்வொரு திட்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பி12 இல்லாமல் வளராத லாக்டோபேசில்லஸ் வகை ஒன்று இதற்கு அளவுகோலாக இருந்தது: சாற்றை ஊற்றிய குழாய் எவ்வளவு கலங்குகிறதோ அவ்வளவு வைட்டமின். சிறந்ததை எடுத்து மீண்டும் மாற்றத்துக்கு உட்படுத்துவார்கள். இப்படியே மெர்க் நிறுவனத்தின் ரகம் லிட்டருக்கு 0.6 மில்லிகிராமிலிருந்து 60 மில்லிகிராமுக்கு உயர்ந்தது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 2.4 மைக்ரோகிராம் என்று கொண்டால், 60 மில்லிகிராம் என்பது 25,000 பேரின் ஒருநாள் தேவை. பின்னாளைய மரபணுப் பொறியியலுக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது இந்தப் பொறுமையான உழைப்புக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

பிரான்சின் ரோன்-பூலென் ஆய்வாளர்கள் இருபதுக்கும் மேற்பட்ட ‘காப்’ மரபணுக்களை அடையாளம் கண்டபின், உற்பத்தி தேங்கும் படியை அறிந்து, அதற்குரிய மரபணுவின் நகல்களைப் பெருக்க முடிந்தது.

ரகம் மட்டும் போதாது. சூடோமோனாஸுக்குக் காற்று வேண்டும். பி12 தரும் மற்றொரு வகையான புரோபியோனிபாக்டீரியத்தை முதலில் காற்றின்றி வளர்த்து, பிறகே காற்று செலுத்துவார்கள். கோபால்ட் உப்பு இருவகைக்கும் அவசியம். சர்க்கரை பீட் கழிவுப்பாகில் உள்ள பீட்டெயின் சூடோமோனாஸின் விளைச்சலைக் கூட்டும். மேம்பட்ட ரகங்கள் தலைமுறை தோறும் திறன் இழக்கக்கூடும் என்பதால் மூல வளர்ப்பை உறைநிலையில் காப்பார்கள். இறுதியில் சயனைடு சேர்த்து, நிலையான சிவப்புப் படிகமான சயனோகோபாலமினாக மாற்றுவார்கள்.

2018இல் சீன ஆய்வாளர்கள் 28 மரபணுக்களை எஸ்செரிச்சியா கோலையில் புகுத்தி, அதுவே முழுமையாகப் பி12 செய்யும்படி ஆக்கினர். அது விரைவாக வளர்வது பெரிய ஆதாயம். ஆனாலும் அந்த ஆய்வில் கிடைத்த விளைச்சல் ஆலை ரகங்களுக்கு வெகு கீழேதான் இருந்தது.

இறைச்சி, மீன், பால், முட்டை ஆகிய அனைத்தையும் தவிர்ப்பவர்கள் பி12ஐ மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும்.