மூர் வழக்கு

நோயாளியின் உடலிலிருந்து எடுத்த திசு யாருக்குச் சொந்தம் என்பது குறித்து 1990-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு. ரத்தப் புற்றுநோயாளியான ஜான் மூரின் மண்ணீரல் 1976-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் அகற்றப்பட்டது. அதன்பின் 1983 வரை மருத்துவர்கள் அவரை சியாட்டிலிலிருந்து வரவழைத்து ரத்தம், எலும்பு மஜ்ஜை, விந்து என எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் சிகிச்சைக்கு என்றே மூர் நம்பினார். தம் செல்கள்மீதான உரிமையை எழுதித்தரச் சொல்லி நீட்டிய படிவத்தில், ஒருநாள் 'தரமாட்டேன்' என்பதை வட்டமிட்டார். 1984-இல் அவரது செல்களிலிருந்து வளர்த்த 'மோ' செல்வரிசைக்கு அந்தப் பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்றது. மருத்துவர் தம் ஆய்வு நோக்கத்தையும் பண ஆதாயத்தையும் மறைத்திருந்தால் வழக்காடலாம் என்ற நீதிமன்றம், செல்கள்மீது மூருக்குச் சொத்துரிமை இல்லை என்றது. அந்த உரிமையைத் தந்தால் ஆய்வு முடங்குமே என்ற கவலை தீர்ப்பில் வெளிப்படையாகவே தெரிகிறது.