துப்பாக்கிகளைத் திருப்பிக் கேட்கும் அரசாங்கம், அரசு கொடுத்த துவக்குகளுக்குக் கணக்குச் சொல்லுமா?

2025 பெப்ரவரி 19ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவர், கணேமுல்ல சஞ்சீவ என்ற பாதாள உலகக் குழுத் தலைவரைச் சுட்டுக் கொன்றார். பக்கங்கள் வெட்டப்பட்ட புத்தகமொன்றுக்குள் மறைத்தே துப்பாக்கி உள்ளே கொண்டுவரப்பட்டிருந்தது. அதன் பின்னர் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நாடாளுமன்றத்தில் சொன்ன தகவல் இன்னும் பாரதூரமானது. இராணுவ முகாமொன்றிலிருந்து 73 ரி-56 ரகத் துப்பாக்கிகள் பாதாள உலகக் குழுக்களின் கைக்குப் போயிருக்கின்றன. அவற்றில் மீட்கப்பட்டவை 38 மட்டுமே.

தெற்கில் இது அதிர்ச்சிச் செய்தி. வடக்கு கிழக்கில் வாழும் எமக்கு இது பழக்கப்பட்ட கதை. அரசின் ஆயுதம் சீருடை அணியாதவர்களின் கையில் இருப்பதைப் பல தசாப்தங்களாகக் கண்டவர்கள் நாம். ஆகவே தேசிய மக்கள் சக்தி 'துப்பாக்கிக் கட்டுப்பாடு' பற்றிப் பேசும்போது, அது எந்தத் துப்பாக்கிகளைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டமும் மீளப்பெறலும்

இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டமே இன்றும் ஒழுங்குபடுத்துகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்கென்றாலும் தற்பாதுகாப்புக்கான கைத்துப்பாக்கியென்றாலும் அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ரி-56 போன்ற தானியங்கித் துப்பாக்கிகள் படைகளுக்கு உரியவை. அப்படியொன்று தெருவில் வெடித்தால், அது ஏதோவொரு காலத்தில் ஏதோவொரு களஞ்சியத்திலிருந்தோ போர்க்களத்திலிருந்தோதான் வந்திருக்க வேண்டும்.

ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே இந்த அரசாங்கம் ஒரு நடவடிக்கை எடுத்தது. தற்பாதுகாப்புக்காகத் தனிநபர்களுக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளை 2024 நவம்பர் 7ஆம் திகதிக்கு முன்னர் ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. பின்னர் கால அவகாசம் நீட்டிக்கப்பட்டது. அரசியல்வாதிகளும் அவர்களுக்கு வேண்டியவர்களும் இடுப்பில் துப்பாக்கியோடு திரிந்த நாட்டில் இது வரவேற்கத்தக்கதே.

ஆனால் அமைச்சிடம் பதிவும் பெயரும் முகவரியும் உள்ள துப்பாக்கிகளையே இந்த அறிவிப்பு தொட்டது. எமது மக்களின் உயிரைப் பறித்தவற்றுள் பல, எந்த அனுமதிப் பதிவிலும் இல்லாத துப்பாக்கிகள்.

பதிவில் இல்லாதவை

1980களின் நடுப்பகுதியில் எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படை உருவாக்கப்பட்டது. பொதுமக்களின் கையில் அரசே துவக்கைக் கொடுத்தது. 2006இல் அந்தப் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாற்றப்பட்டது.

அடுத்தது துணை ஆயுதக் குழுக்கள். 2002 பெப்ரவரி 22ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட யுத்தநிறுத்த உடன்படிக்கையின் 1.8ஆம் உறுப்புரை, தமிழ்த் துணை ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களை 30 நாட்களுக்குள் அரசாங்கம் களைய வேண்டும் என்றது. அக்குழுக்களிடம் ஆயுதம் இருப்பதையும் அதைக் களையும் பொறுப்பு தனக்கு இருப்பதையும் அரசாங்கம் எழுத்தில் ஏற்றுக்கொண்ட ஆவணம் அது.

2004 மார்ச்சில் கருணா பிரிந்த பின்னர் கிழக்கில் நடந்தவை அந்த உறுப்புரையைக் கேலிக்கூத்தாக்கின. கருணா குழு சிறுவர்களைக் கடத்துவதற்குப் படைத்தரப்பில் சிலர் துணைபோவதாக 2006 நவம்பரில் ஐ.நா. ஆலோசகர் அலன் ரொக் பகிரங்கமாகச் சொன்னார். தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி, ஆயுதக் கையளிப்பு நிகழ்வை மட்டக்களப்பில் 2009 மார்ச்சில்தான் நடத்தியது. அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பே அக்கட்சியின் பிள்ளையான் கிழக்கு மாகாண முதலமைச்சராகியிருந்தார். அதன் பிறகும், 2011இல் வெளியான கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை, சட்டவிரோத ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களைக் களையுமாறு பரிந்துரைத்தது. அரசாங்கமே நியமித்த ஆணைக்குழு அது.

ஜே.வி.பி. அன்று எங்கே நின்றது?

தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பு மக்கள் விடுதலை முன்னணி. 1971 ஏப்ரலில் பொலிஸ் நிலையங்களைத் தாக்கிய, 1987–89 காலத்தில் வீடு வீடாகப் போய்த் துவக்குகளைப் பறித்த அமைப்பு அது. பின்னர் ஆயுதத்தைக் கைவிட்டு வாக்குச்சீட்டுக்கு வந்தது. துப்பாக்கி அரசியல் எங்கே கொண்டுபோய் விடும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

எனினும் 2002 உடன்படிக்கையை மிகக் கடுமையாக எதிர்த்த கட்சிகளில் ஒன்றும் அதுதான். நாட்டின் இறைமையையே அது காரணமாகச் சொன்னது. துணை ஆயுதக் குழுக்களைக் காப்பாற்றவே எதிர்த்தது என்று சொல்வது நியாயமல்ல. ஆனால் அந்த உடன்படிக்கையோடு 1.8ஆம் உறுப்புரையும் செத்தது. 'அந்த ஆயுதங்களை யார் களைவது' என்ற கேள்வியை அக்கட்சி தன் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று அதன் தலைவரே ஜனாதிபதியும் பாதுகாப்பு அமைச்சரும். களஞ்சியத்தின் திறப்பு அவரிடம்தான் இருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

2025 ஏப்ரலில் பிள்ளையான் கைது செய்யப்பட்டதை இந்த அரசாங்கத்தின் சாதகமான அடையாளமாகக் கொள்ளலாம். ஆனால் தனிநபர் கைது ஆயுதக் கணக்கு ஆகாது. எத்தனை துப்பாக்கிகள், எந்த முகாமிலிருந்து, யாருடைய கையொப்பத்தில், எந்தக் குழுவுக்குக் கொடுக்கப்பட்டன? எத்தனை திரும்பி வந்தன? 73 என்ற எண்ணை நாடாளுமன்றத்தில் சொல்ல முடிந்த அரசாங்கத்தால், இந்த எண்களையும் தேடிச் சொல்ல முடியும்.

தேசிய பாதுகாப்பு என்ற பதில் வரலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. ஆனால் பொது நலன் மேலோங்கும் இடத்தில் தகவலை மறுக்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. போர் முடிந்து பல ஆண்டுகளான பின்னர் பழைய ஆயுத வழங்கல் பதிவேட்டை வெளியிடுவதால் எந்தப் பாதுகாப்பு குலைந்துவிடும்?

எமது பக்கத்திலும் நேர்மை வேண்டும். தமிழ் இயக்கங்களின் துவக்குகளும் தமிழரையும் முஸ்லிம்களையும் சிங்களவரையும் கொன்றன. ஆயுதக் கணக்கென்பது எல்லாத் தரப்புக்கும் பொதுவானது. ஆனால் பதிவேடுகள் அரசின் கையில் இருப்பதால் கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

2000 ஒக்டோபரில், ஊரடங்கு நேரத்தில் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே சுடப்பட்டார் ஊடகவியலாளர் நிமலராஜன். 2005 நத்தார் ஆராதனையில், மட்டக்களப்புத் தேவாலயத்தினுள் சுடப்பட்டார் ஜோசப் பரராஜசிங்கம். அந்தத் துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன, இப்போது எங்கே இருக்கின்றன?

2024 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தவர்கள் தமிழ் மக்கள். அந்த மூன்று உறுப்பினர்களும் இந்தக் கேள்வியை நாடாளுமன்றத்தில் எழுப்பட்டும். அதற்குப் பதில் வரும்வரை, இந்த அரசாங்கத்தின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை நாம் பாதியாகவே எண்ண முடியும்.