ஆதரவு முடிந்த சர்வரில் ஓடும் பள்ளிக்கூடம்



2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. அன்றோடு சென்ட்ஓஎஸ் 7 என்கிற சர்வர் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஆயுள் முடிந்தது. முடிந்தது என்றால், மறுநாள் திங்கட்கிழமை காலையில் எதுவும் அணைந்துபோகவில்லை. எல்லாம் வழக்கம்போல ஓடியது. வில்லங்கமே அதில்தான் இருக்கிறது.

'சர்வர் ஆட்களின் கவலை, நமக்கென்ன' என்று நினைக்க வேண்டாம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நம் வீடுகளில் படிப்பு என்பது பாதி கணினி வழியாகத்தான் நடக்கிறது. பையன் அசைன்மென்ட் ஏற்றுகிறான், வீட்டுக்காரம்மா தபால்வழிப் படிப்புக்குக் குவிஸ் எழுதுகிறார். இதற்கெல்லாம் பின்னால் பல இடங்களில் இருப்பது மூடுல் என்ற மென்பொருள். அதற்குக் கீழே தரையாக இருப்பது ஒரு லினக்ஸ். தரை காலாவதியான பிறகும் மேலே வகுப்பு நடக்கிற நிலை எப்படி வந்தது? இரண்டு கதைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

முதல் கதை மூடுல். மார்ட்டின் டூகியாமாஸ் என்ற ஆஸ்திரேலியர் உருவாக்கியது. மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்தவர். பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது, ரேடியோ வழியாகப் பாடம் கேட்டுப் படித்தவர். பிறகு பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடி என்ற வணிக மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அது திருப்தி தராமல் சொந்தமாக எழுத ஆரம்பித்தார். 2002 ஆகஸ்ட் 20 அன்று 1.0 பதிப்பு வந்தது. பேரில் 'மூடு' இருந்தாலும் இது திறமூல மென்பொருள்! ஜிபிஎல் உரிமம், காசு கிடையாது. பிஎச்பி மொழியில் எழுதியது. கூடவே ஒரு டேட்டாபேஸ் இருந்தால் போதும். லேபில் சும்மா கிடக்கும் கணினியில்கூட நிறுவிவிடலாம். நம் நாட்டில் ஐஐடி மும்பை முதல் சின்னச் சின்னக் கல்லூரிகள் வரை இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது கதை சென்ட்ஓஎஸ். ரெட் ஹேட் நிறுவனம் இலவசமாகக் கொடுத்துவந்த ரெட் ஹேட் லினக்ஸை 2004-ல் நிறுத்திவிட்டு, காசு கட்டிப் பெறும் என்டர்பிரைஸ் லினக்ஸ் பக்கம் முழுதாகப் போய்விட்டது. மூல நிரலை வெளியே கொடுத்ததால் தன்னார்வலர்கள் சிலர் அதை எடுத்து, பேரையும் சின்னத்தையும் நீக்கி, மறுபடி கட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். 2004-ல் அப்படிப் பிறந்தது சென்ட்ஓஎஸ். பட்ஜெட் இல்லாத கல்லூரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 5-ஆம் பதிப்பு 2007 முதல் 2017 வரை, 6-ஆம் பதிப்பு 2011 முதல் 2020 வரை, 7-ஆம் பதிப்பு 2014 முதல் 2024 வரை. ஏறக்குறைய பத்து வருடம் நிம்மதி.

சரி, இலவச மென்பொருள், இலவசத் தரை. பிறகு எங்கே இடிக்கிறது?

இரண்டின் கடிகாரமும் வேறு வேறு. பத்து வருட நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. முதல் நாள் எந்த பிஎச்பி வந்ததோ, அடிப்படையில் கடைசி வரை அதேதான். பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் அடைத்துத் தருவார்கள். ஓடு மாற்றமாட்டார்கள், ஒழுகுகிற இடத்தில் மட்டும் பூசித் தருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடுலோ 2011-லிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு.

கணக்கைப் பாருங்கள். சென்ட்ஓஎஸ் 5-ல் இருந்தது பிஎச்பி 5.1.6. 2010 நவம்பரில் வந்த மூடுல் 2.0 கேட்டது 5.2.8. சென்ட்ஓஎஸ் 6-ல் இருந்தது 5.3.3. 2014 மே மாதம் வந்த மூடுல் 2.7 கேட்டது 5.4.4. சென்ட்ஓஎஸ் 7-ல் இருந்தது 5.4.16. 2016 டிசம்பரில் வந்த மூடுல் 3.2 கேட்டது 5.6.5. ஒவ்வொரு தடவையும் சுமார் மூன்று வருடத்தில் தரை பழசாகிவிட்டது. ஆயுள் மட்டும் பாக்கி இருந்தது.

தமிழில் பாடம் நடத்த நினைத்தவர்களுக்கு இது இன்னும் முன்னாலேயே தலைகாட்டியது. 2006 ஜூனில் வந்த மூடுல் 1.6-தான் யுனிகோடுக்கு மாறியது. டிஸ்கி, டாப் என்று எழுத்துருக்களோடு மல்லுக்கட்டிய தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்தப் பதிப்பு மைஎஸ்க்யூஎல் 4.1-ஐக் கேட்டது, சென்ட்ஓஎஸ் 3-ல் இருந்ததோ 3.23. அதாவது பாடத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரியுமா என்பதைக்கூடக் கீழே இருக்கிற தரைதான் முடிவு செய்தது.

மாற்று வழிகள் இருந்தன. 2011-ல் சென்ட்ஓஎஸ் 5-க்கு பிஎச்பி 5.3 தனிப் பொட்டலமாக வந்தது. ரெமி போன்ற வெளிக் களஞ்சியங்களிலிருந்து புது பிஎச்பி எடுத்துப் போட்டவர்கள் ஏராளம். தெரிந்தவர்கள் செய்தார்கள். தெரியாதவர்கள், பயந்தவர்கள், 'ஓடுகிறதை எதற்குத் தொடுவானேன்' என்று மூடுலையே பழைய பதிப்பில் நிறுத்திவிட்டார்கள்.

முடிச்சு விழுந்தது இங்கேதான். புது மூடுல் பழைய பிஎச்பியில் ஓடாது. பழைய மூடுலும் புது பிஎச்பியில் ஓடாது; மூடுல் 2.7-ஐக் கொண்டுபோய் பிஎச்பி 7-ல் வைத்தால் எழுந்திருக்காது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்ற மூடுல் விடாது, மூடுலை மாற்ற ஆபரேட்டிங் சிஸ்டம் விடாது. காலாவதி தேதி வருகிற நாளில் இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். பாதிதான் உண்மை.

சரி, ஆதரவு முடிந்தால் என்னதான் ஆகும்? 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது சென்ட்ஓஎஸ் 5 வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1-ல், இவர்களிடம் இருந்ததோ 0.9.8. 'பார்த்தீர்களா, பழசுதான் பத்திரம்' என்று சொல்ல ஒரு சாக்கு. அதே வருடம் செப்டம்பரில் ஷெல்ஷாக் வந்தது. 1989-லிருந்தே பாஷ் நிரலில் ஒளிந்திருந்த ஓட்டை. 2012-லேயே ஆயுள் முடிந்த சென்ட்ஓஎஸ் 4-க்குத் திருத்தம் வரவில்லை. அதன் மூலமான ரெட் ஹேட் 4-க்கு, நீட்டித்த ஆதரவுக்குக் காசு கட்டியவர்களுக்கு மட்டும் வந்தது. இலவசத்தின் எல்லை எது என்று அன்று தெரிந்தது.

இன்னொன்று மெல்லக் கொல்லும் வகை. சென்ட்ஓஎஸ் 5-ன் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு டிஎல்எஸ் 1.2 தெரியாது. 2020-ல் பிரவுசர்கள் பழைய டிஎல்எஸ்ஸைக் கைவிட ஆரம்பித்தன. சர்வர் ஓடுகிறது, பாடம் இருக்கிறது, மாணவன் உள்ளே வர முடியவில்லை. சென்ட்ஓஎஸ் 7 முடிந்தபோதோ அதன் மிர்ரர் பட்டியல் முகவரியே மறைந்துபோனது. யம் கட்டளை கொடுத்தால் முகவரி இல்லை என்று பிழை வரும். பழைய பொட்டலங்கள் வால்ட் என்ற காப்பகத்தில் மட்டும்.

பெரிய கூத்து 2020-ல் நடந்தது. மார்ச்சில் ஊரடங்கு, வகுப்பெல்லாம் இணையத்துக்கு வந்தது. பொறுப்பாகப் புது சர்வர் போட்டவர்கள் 2029 வரை கவலையில்லை என்று சென்ட்ஓஎஸ் 8-ஐப் போட்டார்கள். டிசம்பர் 8-ஆம் தேதி ஓர் அறிவிப்பு: சென்ட்ஓஎஸ் 8 அடுத்த வருடம் 2021 டிசம்பர் 31-ஓடு சரி. பழைய 7-லேயே இருந்தவனுக்கு 2024 வரை அவகாசம், முந்திக்கொண்டு மாறியவனுக்கு ஒரே வருடம். இதிலிருந்து கிளம்பியவைதான் 2021-ல் வந்த அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும். ராக்கி என்பது சென்ட்ஓஎஸ் தொடங்கியவர்களில் ஒருவரான, மறைந்த ராக்கி மெக்காவின் நினைவாக வைத்த பெயர்.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குப் புரிவது ஒன்றுதான். காலாவதி தேதியைப் பார்த்துக் கிளம்புகிறவனுக்கு வண்டி ஏற்கனவே போயிருக்கும். மேலே ஓடுகிற மென்பொருள் கேட்பதைத் தரை கொடுக்க முடியாமல் போகிற அன்றைக்கே, அதாவது மூன்றாவது வருடத்திலேயே, கிளம்ப வேண்டும். அப்போது ஒரே தாவல். பத்தாவது வருடத்தில் கிளம்பினால் நேர் வண்டி கிடையாது, ஜங்ஷன் ஜங்ஷனாக இறங்கி மாற வேண்டும். மூடுல் 1.9-லிருந்து 2.3-க்கு நேராகப் போக முடியாது, நடுவில் 2.2-ல் இறங்கியே ஆக வேண்டும். 4.2-க்குப் போக 3.11.8-ஆவது இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜங்ஷனிலும் அதற்கேற்ற பிஎச்பி, அதற்கேற்ற டேட்டாபேஸ்.

இப்படி மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: முதலில் டேட்டாபேஸ், மூடுல்டேட்டா அடைவு, நிரல் அடைவு மூன்றையும் வேறு கணினியில் பிரதி எடுங்கள். ஒன்று விட்டாலும் மீட்பது பாடுதான். ஓடுகிற சர்வரைத் தொடாமல், பிரதியை வைத்துத் தனி இடத்தில் ஒவ்வொரு ஜங்ஷனாக ஏற்றிப் பாருங்கள். தமிழ்ப் பாடம் ஒன்றைத் திறந்து எழுத்து கேள்விக்குறியாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை பழைய சர்வரை வளாகத்துக்கு உள்ளே மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள்.

பெற்றோர்களுக்கு: அந்த சர்வரில் இருப்பது பாடம் மட்டுமில்லை. பிள்ளையின் பெயர், மின்னஞ்சல், மதிப்பெண், எழுதிய விடை, சில இடங்களில் போட்டோவும் உண்டு. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைக் காப்பது அதை வைத்திருப்பவரின் கடமை என்கிறது. தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிக் கவனமும் சொல்கிறது. அதனால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பஸ் கட்டணத்தோடு இதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்: "சார், நம்ம கோர்ஸ் சர்வர்ல என்ன ஆபரேட்டிங் சிஸ்டம், அதுக்கு எந்த வருஷம் வரைக்கும் சப்போர்ட் இருக்கு?" பதில் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. கேள்வி போய்ச் சேர வேண்டியது, லேபில் தனியாளாக அந்த சர்வரைக் கட்டிக் காத்துக்கொண்டு, மேலே கேட்டால் பட்ஜெட் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிற அந்த மனிதருக்கு. நாலு பெற்றோர் கேட்டார்கள் என்றால் அவருடைய ஃபைல் நகரும்.