குப்பை லாரிக்கு ஒரு கண்டம்

மேட்டுப்பாளையம்னதும் ஊட்டி மலை ரயில் ஞாபகம் வந்தா நீங்க வெளியூர். எங்க மேட்டுப்பாளையம் உழவர்கரை நகராட்சியில் இருக்கு, லாரி முனையம் உள்ள இடம். போன வாரம் அங்கே டீ குடிக்க நின்னப்ப எதிரே ஒரு பழைய டிப்பர். டயர் பாதி மண்ணுக்குள்ள. "என்னண்ணே ஆச்சு இதுக்கு?"ன்னு கேட்டேன். "அது கண்டம் ஆன வண்டி சார்"ன்னார் பக்கத்தில் நின்ன டிரைவர்.

ஜோசியர் சொல்ற கண்டம் இல்லைங்க. இனி ஓட்ட லாயக்கில்லைன்னு அரசாங்க வண்டியை எழுதி ஒதுக்குறாங்களே, அந்த 'கண்டெம்' நம்ம வாயில் கண்டம் ஆயிடுச்சு. ஒருவகையில் பொருத்தம்தான் :-)

இதுக்குன்னு ஒரு கணக்கு இருந்துச்சு. மத்திய அரசின் 1978-ம் வருஷத்து நிதி அதிகார விதிகளை ஒட்டி, கனரக வண்டின்னா 4 லட்சம் கிலோமீட்டர், 10 வருஷம். இதில் எது பிந்தி வருதோ அப்பத்தான் கண்டம். முந்தி இல்லை, பிந்தி! அதுக்கு முன்னாடி ஒதுக்கணும்னா தனிச் சான்று, ஃபைல், கையெழுத்து.

நெடுஞ்சாலையில் பறக்கிற லாரிக்கு இது சரி. ரெட்டியார்பாளையத்தில் அள்ளி குருமாம்பேட்டில் கொட்டுற வண்டிக்கு? ஒரு பேச்சுக்கு நாளைக்கு 40 கிலோமீட்டர், வருஷம் 300 நாள்னு வச்சுக்குங்க. வருஷத்துக்கு 12,000. நாலு லட்சம் தொட 33 வருஷம் ஆகும்! ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே வண்டி செத்துடும். இருபதடிக்கு ஒருதரம் நின்னு நின்னு முதல் கியர்லயே உருளும், கிளட்ச் தேயும். வண்டி நின்னாலும் தொட்டியைத் தூக்க இஞ்சின் ஓடியாகணும். ஈரக்குப்பையில் வடியற தண்ணி அடித்தகட்டை அரிச்சுத் தின்னும். இதெல்லாம் மீட்டரில் ஏறாது. ஓட்டைத் தொட்டியிலிருந்து ஒழுகுறது தோளில் விழ, பின்னாடி தொத்திக்கிட்டுப் போற தொழிலாளிக்குத்தான் வண்டியோட உண்மையான வயசு தெரியும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 1880-ல் பிரெஞ்சுக்காரங்க கொம்யூன் அமைச்சப்ப புதுச்சேரிப் பகுதியில் நாலுதான்: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். மூணு வருஷம் கழிச்சு பாரீஸில் புபெல்ங்கிற அதிகாரி வீட்டுக்கு வீடு மூடி போட்ட குப்பைத்தொட்டி வைக்கணும்னு உத்தரவு போட்டார். கடுப்பான ஜனங்க தொட்டிக்கே அவர் பேரை வச்சிட்டாங்க. இன்னிக்கும் பிரெஞ்சில் குப்பைத்தொட்டிக்கு அதுதான் பேர், பாவம்.

உழவர்கரை அப்புறம் வளர்ந்த வேகம் இருக்கே! 2001 கணக்கெடுப்பில் 2 லட்சத்து 17 ஆயிரம் சொச்சம், 2011-ல் 3 லட்சம். புதுச்சேரி நகராட்சியையே தாண்டியாச்சு. ஆனா இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968-க்கு அப்புறம் 2006-ல்தான் நடந்துச்சு. 38 வருஷம்! புது லாரி வாங்குன்னு எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

2000-ல் வந்த நகராட்சித் திடக்கழிவு விதிகள், குப்பையை மூடித்தான் எடுத்துப்போகணும், திரும்பத் திரும்ப இறக்கி ஏத்தக் கூடாதுன்னு சொல்லுச்சு. திறந்த டிப்பர் அன்னிக்கே விதிப்படி கண்டம்தான். 2005-ல் டாட்டாவோட 'குட்டி யானை' வந்ததும் பெரிய லாரி நுழையாத சந்துக்கெல்லாம் வழி பிறந்துச்சு.

கடைசியா 2023 ஜனவரியில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரே போடா போட்டுச்சு. நகராட்சி உட்பட அரசு வண்டி எதுவானாலும், பதிவு செஞ்சு 15 வருஷம் ஆச்சுன்னா ஏப்ரல் 1 முதல் பதிவு நீடிக்காது. ராணுவம், காவல் பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. ஏலத்தில் எடுத்து, பெயிண்ட் அடிச்சு ஓட்டுற வேலையும் நடக்காது, பதிவு பெற்ற உடைப்புக் கூடத்துக்குத்தான் போகணும்.

எனக்கு இதில் பாதி சந்தோஷம். 33 வருஷத்துக்கு 15 தேவலை. ஆனா நல்லா பராமரிச்ச தண்ணி லாரியும் பதினஞ்சில் போகணும், அஞ்சாம் வருஷமே அரிச்சுப்போன குப்பை லாரியும் அதுவரைக்கும் ஓடலாம். டிராக்டர்லயும் ஜேசிபியிலயும் மணிக்கணக்கு மீட்டர் இருக்கில்ல? அதை குப்பை லாரிக்கும் பார்த்தா என்னன்னு டிரைவர் அண்ணன்கிட்ட கேட்டேன்.

"மீட்டர் இருக்கட்டும் சார். முதல்ல பின்னாடி நிக்கிற பசங்களுக்கு ஒழுங்கா ஒரு படி வைக்கச் சொல்லுங்க"ன்னுட்டு கிளாஸை வச்சார்.