காவலும் மணமும்: ஹொப் பூவும் வன்னியின் கள்முட்டியும்

இனிப்புள்ள சாறு எதுவாயினும் அது தானே நொதித்து மதுவாகும். அதற்கு மனிதனின் துணை பெரிதும் வேண்டியதில்லை. ஆயின், உண்டான மதுவைக் கெடாது காப்பதற்கும், நொதித்தலை வேண்டியவிடத்து நிறுத்துவதற்கும், விரும்பிய சுவையும் மணமும் ஊட்டுவதற்கும் மனிதன் கலத்தினுள் ஏதேனும் ஒன்றை இட வேண்டியவனாயினான். ஐரோப்பியர் ஹொப் என்னும் கொடியின் பூவை இட்டனர். வன்னியிற் பனையேறியோர் முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பைப் பூசினர். ஒன்று நாடறிந்த தொழில்நுட்பமாகப் போற்றப்படுகின்றது. மற்றையது தொழில்நுட்பமாகவே எண்ணப்படுவதில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹொப், குளிர்நாடுகளில் வளரும் படர்கொடி. பனையைப் போன்றே இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. பெண்கொடியின் பூங்கொத்துகளே மதுத்தொழிலுக்குப் பயன்படுவன. அவற்றின் மடல்களுக்கிடையே உள்ள மஞ்சள் நிறத் துகளிற் கசப்புத் தரும் அமிலங்களும், மணந்தரும் எண்ணெய்களும் உள்ளன. கி.பி. 822இல் கோர்பி மடத்தின் தலைவர் அடல்ஹார்ட் வகுத்த விதிகளில் ஹொப் பற்றிய குறிப்பு இடம்பெறுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹில்டகார்ட் என்னும் ஜெர்மானியத் துறவி, இப்பூ பானங்களைக் கெடாது காக்கும் இயல்புடையதென எழுதினார். அதற்கு முன்பும் பின்பும் பல நூற்றாண்டுகள் வேறு மூலிகைக் கலவைகளும் வழக்கிலிருந்தன. 1516இல் பவேரியாவில் இயற்றப்பட்ட சட்டம் வாற்கோதுமை, ஹொப், நீர் ஆகிய மூன்றையன்றிப் பிறிதெதனையும் பியரிற் சேர்த்தலாகாதென விதித்தது.

இவற்றால் ஓர் உண்மை பெறப்படுகின்றது. ஹொப் முதலிற் காவற்பொருளாகவே மதிப்புப் பெற்றது. கொதிக்கும் வாற்கோதுமைச் சாற்றில் அதனை இட்டுக் காய்ச்சும்போது கசப்பமிலங்கள் மாற்றமடைந்து சாற்றிற் கரைகின்றன. மதுவைப் புளிக்கச்செய்யும் பற்றீரியாக்கள் பலவற்றின் வளர்ச்சியை அவை தடுக்கின்றன. ஆனால் நெடுநேரம் காய்ச்சினால் மணந்தரும் எண்ணெய்கள் ஆவியாகிப் போய்விடும். காவலைப் பெற்றவன் மணத்தை இழக்கிறான். இவ்விழப்பை ஈடுசெய்யும் வழியாக அமைந்ததே, நொதித்தல் பெரும்பாலும் முடிந்தபின், காய்ச்சாத உலர்ந்த ஹொப்பை மதுக்கலத்தில் நேரே இடும் முறை. இங்கு வெப்பம் இல்லாமையால் எண்ணெய்கள் பியரிலேயே தங்குகின்றன. கசப்பு அதிகம் ஏறுவதில்லை. இன்று வீட்டில் பியர் காய்ச்சுவோர் லீற்றருக்குச் சில கிராம் அளவில் இட்டு, மூன்று முதல் ஐந்து நாள்கள் வைத்து அகற்றுவர். மிகைநாள் வைத்தால் புல்லின் வாடை ஏறும்.

இம்முறையின் வரலாறு தென்னாசியாவோடு தொடர்புடையது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனைச் சார்ந்த போ என்னுமிடத்திலிருந்த ஹொட்சனின் மதுச்சாலையும், 1820களிலிருந்து பேர்ட்டன் நகரத்து மதுச்சாலைகளும் இந்தியாவுக்குப் பியர் அனுப்பின. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதங்கள் கடலிற் செல்லும் பீப்பாக்களில் மேலதிகமாக உலர்ந்த ஹொப் இடப்பட்டது. அயனமண்டல வெப்பமும் கடற்பயணமும் பியரைக் கெடுக்காதிருக்கவே இது செய்யப்பட்டது. எனவே, இன்று நறுமணத்திற்காகப் போற்றப்படும் ஒரு முறைக்குப் பேரரசின் வாணிபத் தேவையும் ஒரு முதற்காரணமாகும். தூரமே அம்மணத்தை வளர்த்தது எனலாம்.

1893இல் பிரௌண், மொரிஸ் ஆகிய அறிஞர் இருவர், கலத்திலிடும் உலர்ந்த ஹொப் மணத்தை மட்டும் தருவதில்லை, அதிலுள்ள நொதியங்கள் பியரில் எஞ்சிய மாப்பொருட் கூறுகளைச் சிதைத்து மீண்டும் நொதித்தலைத் தூண்டுகின்றன என எடுத்துக்காட்டினர். ஈராண்டு கழித்து, 1895இல், ஜே. பி. லூயிஸ் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றிய தமது வன்னிக் கைந்நூலை வெளியிட்டார். ஒரே பேரரசின் ஒரு மூலையிற் பீப்பாவுக்குள் நிகழ்வது ஆய்வுகூடத்திற் சோதிக்கப்பட்ட காலத்தில், மறுமூலையிலிருந்த வன்னி, நிர்வாகிகளின் கணக்கெடுப்புக்குரிய நிலமாகவே விளங்கியது.

வன்னியில் ஹொப் வளரவில்லை, வளரவும் இயலாது. ஏறத்தாழ ஒன்பது பாகை வட அகலக்கோட்டில் அமைந்த இந்நிலத்தில் கோடைகாலத்திலும் பகற்பொழுது பெரிதும் நீள்வதில்லை. நீண்ட பகலில்லாது வழக்கமான ஹொப் இனங்கள் செவ்வனே பூப்பதில்லை. ஆயினும் தானியத்திலிருந்து வீட்டில் மது சமைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. நெல்லிலிருந்து வீட்டில் ஆக்கிய மதுவைப் பழைய இலக்கியம் தோப்பி என்று கூறும். பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் கூழை அகன்ற வாயுடைய பிழாவில் ஆற்றி, முளைநெல்லின் மாவைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்துப் பிழிந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றது. முளைவிட்ட தானியத்தாற் சமைப்பதால் இது பியருக்கு நெருங்கிய உறவுடையது. ஈழத்தின் வடபகுதியிற் கள் அருந்தும் பனையோலைக் கலம் பிளா எனப்படுதல் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆனால் வன்னியின் வரலாற்றுக் காலத்து மது நெல்லிலிருந்து வந்ததன்று. குளங்களைச் சார்ந்த நெல் உணவுக்குரியது. பூநகரியின் பனைகளும் முல்லைத்தீவுக் கரையோரத்துப் பனை தென்னைகளுமே கள்ளுக்கு ஊற்றாயின. தளநாரைக் காலிற் பூட்டிக் காலையும் மாலையும் மரமேறிப் பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லியதாகச் சீவி, முட்டியைக் கட்டுவது கடினமான தொழில். முன்னைய கள்ளின் மண்டி ஒட்டிய முட்டியில் வடியும் சாறு, மரத்திலிருக்கும்போதே நொதிக்கத் தொடங்கும். அதே முட்டியிற் சுண்ணாம்பு பூசினால் சாறு காரத்தன்மை அடைந்து மதுவங்களின் வளர்ச்சி தடைப்படும். அப்போது இறங்குவது கருப்பணி. காய்ச்சினால் அது பனங்கட்டி. ஒரே பாளை, ஒரே கத்தி, ஒரே கை. ஒரு பூச்சு சுண்ணாம்பே மதுவையும் உணவையும் பிரித்தது.

இத்தகைய காவற்பொருள்கள் வேறிடங்களிலும் வழங்கின. இலங்கையின் ஈரவலயத்திற் கித்துள், தென்னைச் சாறு புளியாதிருக்க ஹல் மரத்தின் பட்டையை முட்டியிலிடுவர். பிலிப்பைன்சில் தென்னங்கள்ளிற் கண்டல் மரப்பட்டையைச் சேர்ப்பர். மேற்கு ஆபிரிக்காவிலும் பனைமதுவிற் கசப்பான பட்டை இடும் வழக்கமுண்டு. ஆயுர்வேதத்தில் அரிட்டங்களை நொதிக்கவைக்கத் தாதகிப்பூ சேர்க்கப்படும். இவை யாவற்றையும் ஒப்பிடுமிடத்து, ஹொப்பின் பயன்பாடு தனித்ததோர் ஐரோப்பிய விந்தையன்று என்பதும், உலகெங்கும் மக்கள் தத்தம் சூழலிற் கண்ட மரஞ்செடிகளைக் கொண்டு ஒரே சிக்கலுக்கு விடைகண்டனர் என்பதும் தெளிவாகும்.

வன்னிக் கள்ளுக்கு நறுமணப் பூ தேவைப்படாமைக்குக் காரணம் அறிவுக்குறைவன்று. அது தூரம் செல்லவில்லை. காலையில் இறக்கிய கள் அன்றே அருந்தப்பட்டது. அடுத்த நாள் அது புளித்துக் காடியை நோக்கிச் செல்லும். மரம், பருவம், முட்டியின் பழமை, இறக்கிய நேரம் ஆகியவையே அதன் சுவையையும் மணத்தையும் நிர்ணயித்தன. பியர் காய்ச்சுபவன் கலத்திலிட்டுப் பெறும் வேறுபாட்டை, சீவல் தொழிலாளி மரத்தைத் தெரிவதாற் பெற்றான்.

இவ்வறிவு ஏன் மதிக்கப்படவில்லை என்பதற்கு விடை சமூக அமைப்பிலும் அரச வருமானத்திலும் உள்ளது. மரமேறுவோர் சாதியடிப்படையில் ஒடுக்கப்பட்டனர். அவர் கைத்திறன் கல்வியாகக் கொள்ளப்படவில்லை. குடியேற்ற அரசுக்குக் கள்ளும் சாராயமும் குத்தகை வருமானமாகவே தோன்றின. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கள்ளிறக்கலும் விற்றலும் அனுமதிப்பத்திர முறைக்குள் அமைந்தன. தவறணை என்னும் சொல்லே ஐரோப்பியச் சொல்லொன்றின் திரிபு. அக்காலத்தில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் குடியின் தீமையைச் சுட்டியது சரியே. ஆயின் தீமையைக் கண்ட கண் திறனைக் காணவில்லை. 1881இல் நுவரெலியாவில் நிறுவப்பட்ட மதுச்சாலை, கடல்கடந்து வந்த ஹொப்பைக் கொண்டு பியர் காய்ச்சியது. அது கைத்தொழில் எனப்பட்டது; முட்டியிலிருந்து வந்தது குடிவகை எனப்பட்டது.

1970களில் கள்ளிறக்குவோரின் கூட்டுறவுச் சங்கங்கள் வலுப்பெற்றமையும், 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டமையும் இந்நோக்கை ஓரளவு மாற்றின. கள்ளைச் சூடாக்கிப் போத்தலில் அடைக்கும் முயற்சியும் இடம்பெற்றது. இதனாற் கள் முதன்முறையாகத் தூரம் செல்லக்கூடியதாயிற்று. ஆனால் ஹொப்பைக் காய்ச்சியவன் எதிர்கொண்ட அதே சிக்கல் இங்கும் தோன்றியது: வெப்பம் காவலைத் தந்தது, புதுக்கள்ளின் மணத்தைக் கொண்டுசென்றது.

அச்சிக்கலுக்கு வன்னி தன் விடையைக் காணுமுன் போர் குறுக்கிட்டது. பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன, எறிகணைகளால் தலையிழந்தன. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் வவுனியாவின் முகாம்களில் வாழ்ந்தனர். மீளக் குடியேறியபோது நிலம் கிடைத்தவர்க்கும் பாளை தரும் மரம் கிடைத்தல் அரிதாயிற்று. நட்ட பனை பாளை தருவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் ஏறத் தெரிந்த தலைமுறை முதுமை எய்திவிடும்.

மேனாடுகளில் ஹொப் காவற்பொருளென்னும் நிலையிலிருந்து பெரிதும் விடுபட்டுவிட்டது. குளிரூட்டலும் சுத்திகரிப்பும் காவலை ஏற்றுக்கொண்டன. ஹொப் மணத்திற்காகவே நிலைக்கின்றது. எத்தனை கிராம், எத்தனை நாள், எந்த வெப்பநிலை என்பவை யாவும் அங்கு எழுதப்பட்டுள்ளன. எந்த மரத்தின் கள் இனிக்கும், எத்துணைச் சுண்ணாம்பு போதும், எந்த முட்டி எத்தனை பருவம் தாங்கும் என்பவை வன்னியில் இன்னும் முதியோரின் நினைவிலேயே பெரிதும் தங்கியுள்ளன. குடியைப் போற்றாமலே குடிவகையின் வரலாற்றை எழுதலாம். சாதியின் இழிவை நீக்காமல் அதை நேர்மையாக எழுத இயலாது. நினைவு மறையுமுன் அதனை ஏட்டில் ஏற்றுவது வரலாறு பயில்வோரின் கடமையாகும்.